மெதடோன் மருந்தைக் குறைக்கும் பிள்ளைக்கு வீட்டார் துணை

இரண்டு வருடங்களுக்கு முன், பெரும்போக விதைப்பு முடிந்த நேரம், எமது பங்கைச் சேர்ந்த ஒரு தாய் கைத்தொலைபேசியுடன் பங்குமனைக்கு வந்தார். கனடாவிலிருக்கும் மகன் மறுமுனையில் காத்திருந்தான்.

"பாதர், நீங்கள் ஒருக்கா அவனோட கதையுங்கோ. தையில தங்கச்சிக்குக் கலியாணம். அந்தத் தண்ணி மருந்தையும் விட்டிட்டு, சுகமான பிள்ளையா வந்து நிக்கச் சொல்லுங்கோ. நாலு வருசமாக் குடிக்கிறான். இன்னும் எவ்வளவு காலத்துக்கு?"

மகனின் கதை எமக்குப் புதியதன்று. போருக்குப் பின் கடல் கடந்து போனவன். தொழிற்சாலை வேலையில் முதுகு முறிந்த நோவுக்குக் குளிசை எடுத்தான். குளிசை கிடைக்காமற் போனபோது வீதியில் விற்கும் தூளுக்குப் போனான். பின்னர் ஒரு நல்ல வைத்தியரின் கையிற் சேர்ந்து மெதடோன் மருந்தில் நிலைத்து, வேலைக்குப் போகத் தொடங்கினான். அவன் என்னிடம் சொன்னது ஒரே வசனம்: "இரண்டு மாதத்தில இதை விட்டால் நான் தப்பமாட்டன் பாதர்."

அன்று தாய்க்கும் மகனுக்கும் இடையில் நின்ற எனக்கு உடனே சொல்ல விடை இருக்கவில்லை. வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை, அந்தத் தாயைப் போன்ற வாசகர்களுக்காக இங்கே தருகிறேன். எமது குடும்பங்கள் பல நாடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பிள்ளை ரொறன்ரோவில் இருந்தாலும் அவனை ஆட்டுவதும் ஆற்றுவதும் இங்கிருந்து போகும் ஒரு தொலைபேசி அழைப்புத்தான்.

இந்த மருந்து என்ன செய்கிறது?

ஹெரோயின், மோர்பின், ட்ரமடோல், பென்ரனில் ஆகியவை யாவும் அபின் இனத்தைச் சேர்ந்தவை. மெதடோனும் அதே இனந்தான். ஆனால் அது உடலில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஒருநாளுக்கு ஒருதடவை குடித்தாற் போதும். சரியான அளவில் எடுப்பவருக்கு வெறி ஏறுவதில்லை. தூளைத் தேடி அலையும் தவிப்பும் அடங்கிவிடும். அவர் வேலைக்குப் போகலாம், பிள்ளை வளர்க்கலாம், பூசைக்கும் வரலாம்.

1964 இல் நியூயோர்க் நகரில் வைத்தியர்கள் வின்சென்ற் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகியோர் ஹெரோயின் பழக்கத்துக்கான சிகிச்சையாக இம்மருந்தைக் கொடுக்கத் தொடங்கினர். நாக்கின் கீழ் வைத்துக் கரைக்கும் புப்ரெனோர்பின் என்னும் குளிசையும் இதே பணியைச் செய்கிறது. 2005 இல் உலக சுகாதார தாபனம் இவை இரண்டையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்திருக்கிறான்" என்று எமது சனம் சொல்வதுண்டு. இது தவறு. பிரஷர் குளிசை எடுப்பவர் அக்குளிசைக்கு அடிமையென்று நாம் சொல்வதில்லை. நோய் அடங்கியிருக்கிறது, மனிதர் வாழ்கிறார் என்பதே கணக்கு. பலர் பல ஆண்டுகள் இம்மருந்தில் நலமாக வாழ்கிறார்கள். அவர்கள் கட்டாயம் விட்டேயாக வேண்டும் என்பது இல்லை. குறைக்க விரும்புகிறவருக்கு மட்டுமே அடுத்துவரும் பகுதிகள்.

ஏன் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது?

2021 மே மாதத்தில் நாட்டில் இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவிற் தடைசெய்யப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். இயற்கை உரம் நல்லதென்பதில் எனக்கு ஐயமில்லை. இச்சஞ்சிகையிலேயே அதைப்பற்றி எழுதிவருகிறோம். ஆனால் பல ஆண்டுகள் யூரியாவுக்குப் பழகிய வயல் ஒரு போகத்தில் மாறாது. பயிர் மஞ்சளித்தது, கதிர் சோர்ந்தது, அந்தப் பெரும்போகம் விழுந்தது. நவம்பரில் தடையை நீக்கியும் போன போகம் திரும்பி வரவில்லை. நோக்கம் பிழையன்று, மண்ணுக்குக் காலம் கொடுக்காததே பிழை.

உடலும் அப்படித்தான். நோவைத் தணித்து மனதை ஆற்றும் சில பொருட்களை எமது மூளை தானே சுரக்கிறது. நீண்டகாலம் அபின் இன மருந்து வெளியிலிருந்து வரும்போது, மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மருந்தைத் திடீரென எடுத்துவிட்டால் ஓரிரு நாட்களில் வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, கை கால் உளைவு, வயிற்றோட்டம், நித்திரையின்மை எல்லாம் சேர்ந்து வரும். மெதடோனில் இந்த உபாதை இரண்டு மூன்று வாரங்களுக்கும் மேல் இழுக்கும். நித்திரைக் குழப்பமும் மனச்சோர்வும் மாதக்கணக்கில் நிற்கலாம்.

உபாதையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மருந்தை விட்டவரின் உடல், முன்பு தாங்கிய அளவை இனித் தாங்காது. ஒரு பலவீனமான இரவில் பழைய அளவுத் தூளை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். கனடாவில் வீதித் தூளிற் பென்ரனில் கலந்திருக்கிறது. 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதற்காகப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அந்த ஆண்டு முதல் அந்நாட்டில் அபின் இன நஞ்சேற்றத்தால் இறந்தவர்கள் 50,000 பேருக்கும் மேல்.

2017 இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த, பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிய கட்டுரை ஒரு கணக்கைத் தருகிறது. மெதடோன் எடுத்துக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரில் ஓராண்டில் இறப்பவர் ஏறக்குறைய 11 பேர். சிகிச்சையை விட்டு வெளியேறிய ஆயிரம் பேரில் ஏறக்குறைய 36 பேர். அதிலும் நிறுத்திய முதல் நான்கு வாரங்களே மிக அபாயமானவை. அதாவது, அந்தத் தாய் கேட்டபடி மகன் நடந்திருந்தால், மருந்தை விட்ட கையோடு, உடல் மிகப் பலவீனமாக இருந்த வாரங்களில் விமானம் ஏறியிருப்பான்.

எப்போது தொடங்கலாம்?

தொடங்குமுன் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

1. அவர் தாமாகவே விரும்புகிறாரா? தாய்க்காகவோ, பங்குத்தந்தைக்காகவோ, பெண் வீட்டாருக்காகவோ தொடங்கியது நிலைக்காது.

2. வேறு தூளோ குளிசையோ சாராயமோ தொடாமல் நெடுநாள் இருந்திருக்கிறாரா?

3. இருக்க இடமும், நிலையான வேலையும், நடு இரவிலும் அழைக்கக்கூடிய ஒரு மனிதரும் இருக்கிறார்களா?

4. வீட்டில் செத்தவீடு, கலியாணம், கடன் நெருக்கடி, நீண்ட பயணம் எதுவும் கிட்டவில்லையா? இவை நடக்கும் காலத்தில் தொடங்கக்கூடாது.

5. பெண்ணாயின், கர்ப்பமாக இருக்கிறாரா? கர்ப்ப காலத்தில் மருந்தை விடுவது தாய்க்கும் சிசுவுக்கும் கேடு தரலாம். வைத்தியரைக் கேளாமல் ஒரு சொட்டும் குறைக்கக்கூடாது.

இவற்றில் ஒன்றுக்கு விடை சரியில்லாவிட்டாலும் பொறுத்திருப்பது நல்லது. ஈரம் போதாத நிலத்தில் விதைப்பதற்கு நாம் அவசரப்படுவதில்லை.

எப்படிக் குறைக்கிறார்கள்?

இதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். ஆயினும் வீட்டார் கணக்கை விளங்கிக்கொண்டால் பொறுமை வரும்.

ஒருவர் நாளுக்கு 60 மில்லிகிராம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரத்துக்கு ஒருதடவை 5 மில்லிகிராம் குறைத்தால் 20 க்கு வர எட்டுப் படிகள், 32 வாரங்கள். அதற்குக் கீழே 5 என்பது பெரிய படி. 60 இலிருந்து 55 க்கு இறங்குவது பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறைப்பது. 10 இலிருந்து 5 க்கு இறங்குவது பாதியைக் குறைப்பது. ஆகவே 20 க்குக் கீழே இரண்டு இரண்டாகக் குறைத்தால் இன்னும் பத்துப் படிகள், 40 வாரங்கள். மொத்தம் 72 வாரங்கள். ஏறத்தாழ ஒன்றரை வருடம். இதிலும் வேகமாகச் செய்யும் வைத்தியர்கள் உண்டு, மெதுவாகச் செய்பவர்களும் உண்டு. இடையில் ஓரிரு மாதம் ஒரே அளவில் நின்று இளைப்பாறுவதும் முறையே.

மெதுவாகச் செய்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1996 முதல் 2006 வரை நடந்த 4,917 குறைப்பு முயற்சிகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 13 முயற்சிகளே வெற்றி பெற்றன. 12 வாரத்துக்குள் அவசரமாக முடித்தவற்றைவிட, ஓராண்டுக்கு மேல் நீடித்தவை கூடுதலாக நிலைத்தன. வாரந்தோறும் குறைக்காமல் இடையிடையே நின்று நின்று குறைத்தவர்களுக்கு அது அதிகம் கைகொடுத்தது.

நூற்றுக்கு 13 என்பதை வாசித்து மனம் தளர வேண்டாம். மற்றவர்கள் எல்லாரும் அழிந்துபோனார்கள் என்று இதற்குப் பொருளன்று. பலருக்கு அந்தவேளை ஏற்றதாக இருக்கவில்லை. மருந்துக்குத் திரும்பி வாழ்வைத் தொடர்ந்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். ஆனால் "மனம் வைத்தால் விட்டிடலாம்" என்று நாம் லேசாகச் சொல்வது எவ்வளவு பிழை என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது.

கட்டிலைத் தூக்கிய நான்கு பேர்

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிவந்து, கூரையைப் பிரித்து, இயேசுவின் முன் இறக்கிய நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் அறிவோம். அந்நால்வரும் அவரை எழுந்து நடக்கும்படி ஏசவில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். மருந்து குறைப்பவருக்கும் அப்படி நான்கு மூலைகள் வேண்டும்.

முதலாவது மூலை வைத்தியர். ஒவ்வொரு படியிலும் அவர் கேட்க வேண்டும், பார்க்க வேண்டும். "எனக்கு இந்தப் படி கடினமாக இருக்கிறது" என்று சொல்ல நோயாளிக்குத் துணிவு வேண்டும். சொன்னதும் நிறுத்திவைக்கச் சம்மதிக்கும் வைத்தியராகவும் அவர் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆற்றுப்படுத்துனர் அல்லது இதே வழியால் நடந்து வந்த ஒரு நண்பர். உபாதையின் மூன்றாம் இரவு எப்படி இருக்குமென்று அறிந்தவரின் ஒரு சொல், அறியாதவரின் நூறு புத்திமதிக்கு மேல்.

மூன்றாவது, கூட இருப்பவர். ஒரே அறையில் இருக்கும் சிநேகிதனாகவோ மனைவியாகவோ இருக்கலாம். அவருக்கு இரண்டு விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, மெதடோனுடன் சாராயமோ நித்திரைக் குளிசையோ சேர்ந்தால் மூச்சு அடங்கும். மற்றது, நலொக்சோன் என்னும் முறிமருந்து. மூச்சுத் திணறிக் கிடப்பவரின் மூக்கில் இதைத் தெளித்தால் மூச்சுத் திரும்பும்; உடனே அம்புலன்சையும் அழைக்க வேண்டும். கனடாவிற் பாமசிகளில் இதை இலவசமாகப் பெறலாம். வீட்டிலிருக்கும் மெதடோனைப் பூட்டி வைப்பதும் அவருடைய கடமை. பழக்கமில்லாத ஒருவரையோ குழந்தையையோ ஒருவருடைய ஒருநாள் மருந்தே கொன்றுவிடும்.

நான்காவது மூலை வீட்டார். அதாவது நாங்கள்.

தொலைபேசியில் என்ன கதைப்பது?

"எப்ப விடப்போறாய்?" என்ற கேள்வியை முதலில் விட்டுவிடுவோம். ஒவ்வொரு கிழமையும் அதைக் கேட்டால் பிள்ளை பொய் சொல்லப் பழகுவான். அல்லது எமது அழைப்பை எடுக்காமல் விடுவான். "இப்ப எத்தனையில நிக்கிறாய்?" என்று அளவைக் கேட்பதும் அதே ஆக்கினைதான். அவனாகச் சொன்னாற் கேட்டுக்கொள்ளலாம்.

"நித்திரை வந்ததே? என்ன சமைச்சாய்? இஞ்ச குளம் வான் பாயுது, உன்ர சிநேகிதன் கேட்டவன்" என்று கதைக்கலாம். அவன் இன்னும் இந்த வீட்டுப் பிள்ளை என்பது அதிலேயே விளங்கும். கூட்டியோ குறைத்தோ எது சொன்னாலும், "சரி மகன், டொக்டர் சொன்னபடி செய்" என்பது போதும்.

காசு விடயத்தையும் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து எல்லாம் இழந்த எமக்கு, வெளியிலிருந்து வரும் காசு வீட்டுக்குக் கூரையாகவும் வயலுக்கு வரம்பாகவும் இருப்பது உண்மை. ஆனால் மருந்து குறைக்கும் காலத்தில் இரட்டை வேலைக்குப் போகச் சொல்வது கட்டிலின் ஒரு மூலையை நாமே கைவிடுவதாகும். "இந்த வருசம் நாங்கள் சமாளிக்கிறம்" என்று சொல்ல முடிந்தால், அதைவிடப் பெரிய உதவி இங்கிருந்து செய்ய முடியாது. முடியாத குடும்பமும் உண்டு. அவர்கள் எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்பதை முன்கூட்டியே சொன்னால் திடீர் நெருக்கடியாவது தவிரும்.

அயலவருக்கு என்ன சொல்வது என்று தாய்மார் வருந்துகிறார்கள். "பிள்ளைக்குச் சுகமில்லை, வைத்தியம் நடக்குது" என்பது பொய்யன்று. அதற்கு மேல் எவருக்கும் விளக்கம் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்களல்லர்.

பயணம் பற்றியும் ஒரு சொல். மெதடோன் சர்வதேச சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வைத்தியரின் கடிதத்துடன், இலங்கைத் தூதரகத்தில் முன்கூட்டியே விசாரித்து, எழுத்தில் அனுமதி பெறாமல் அதனுடன் விமானம் ஏறக்கூடாது. தபாலிலோ தெரிந்தவர் கையிலோ அனுப்புவது பெரும் சிக்கலில் முடியும்.

திரும்பவும் கூட்ட வேண்டி வந்தால்?

குறைத்துக்கொண்டு போகையில் தவிப்புத் திரும்பினால், வைத்தியர் அளவைச் சற்றுக் கூட்டி நிறுத்துவார். வீட்டார் இதைத் தோல்வியாகக் காணக்கூடாது. மழை பொய்த்தால் நாம் விதைப்பைப் பின்போடுகிறோம். விவசாயத்தைக் கைவிட்டோம் என்று எவரும் சொல்வதில்லை. வழுக்கித் தூளை எடுத்துவிட்டாலும் அன்றே வைத்தியரிடம் போகும்படி சொல்ல வேண்டும். அந்த நாளில் எமது ஏச்சுக்குப் பயந்து அவன் ஒளித்தால், அவன் தனியே இருப்பான். தனியே இருப்பவரைத்தான் இந்த மரணம் பிடிக்கிறது.

எமது ஊரில் இருப்பவர்களுக்கு

இவை கடல் கடந்த கதை மட்டுமல்ல. ஷெல் காயத்துக்கும் கால் இழந்த நோவுக்கும் ட்ரமடோல் எடுத்துப் பழகியவர்கள் எமது கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் வெட்கத்தினால் ஒருநாள் குளிசைப் பெட்டியை அடுப்பில் எறிந்துவிட்டு, மூன்றாம் நாள் கடையிற் களவாக வாங்குகிறார்கள். அதுவும் அபின் இன மருந்தே. அதற்கும் விதி ஒன்றுதான். ஓராண்டுக்கும் மேல் எடுத்தவர்களுக்கு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதிலும் மெதுவாகக் குறைப்பதையே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் 2022 வழிகாட்டி ஆலோசனையாகச் சொல்கிறது. ட்ரமடோலின் அளவு கூடினால் வலிப்பும் வரும். ஆகவே தாமாகக் கூட்டவும் வேண்டாம், தாமாக நிறுத்தவும் வேண்டாம். நோவுக்கு வேறு வழி தேடாமல் குளிசையை மட்டும் பறிப்பதும் நீதியன்று.

மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போவது பைத்தியத்துக்கான அடையாளமன்று. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தையும், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் இலக்கத்தையும் அழைத்து ஆலோசனை பெறலாம். தனியே போகத் தயங்கினால் உங்கள் பங்குத்தந்தையையோ குடும்பநல உத்தியோகத்தரையோ கூட்டிச் செல்லுங்கள்.

அந்தத் தாயின் மகன் தங்கையின் கலியாணத்துக்கு வரவில்லை. கோவிலின் முன்வரிசையில் ஒரு சிறுவன் பிடித்திருந்த கைத்தொலைபேசியில் அவன் பூசை முழுவதையும் பார்த்தான். அந்தக் காலையில் தாய் அழுதார். பின்னர் அவனாகவே வைத்தியரிடம் கேட்டுக் குறைக்கத் தொடங்கி, 60 இலிருந்து 30 க்கு இறங்கி, ஒருதடவை 35 க்குக் கூட்டி, இப்போது மீண்டும் 30 இல் நிற்கிறான். முழுதாக விடுவானா என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் தாய் கோவில் வேப்பமரத்தடியில் நின்று அவனை அழைக்கிறார். மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. முன்பு மாதத்துக்கு ஒருதடவை எடுத்த அழைப்பை, இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறானாம்.